விட்டதும் விடாததும்

கடவுளை முதலில் வை, மற்றதெல்லாம் பின்னால் என்பது கிறிஸ்தவப் பிரசங்கங்களில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் ஒரு வாக்கியம். சாதாரணமாகப் புழங்குவதாலேயே அதன் பயங்கரம் நமக்கு உறைக்காமல் போய்விட்டது. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தார், தன் ஜீவன் இவ்வளவையும் வெறுக்கச் சொல்லியிருக்கிறது. மத்தேயு 10இல் இதே விஷயம் சற்றுத் தணிந்து, என்னைக் காட்டிலும் அவர்களை அதிகம் நேசிக்காதே என்ற அளவில் நின்றுவிடுகிறது. நம் பிரசங்கிகள் லூக்காவை வாசித்துவிட்டு மத்தேயுவை விளக்குகிறவர்கள். வெறுப்பு என்றால் வெறுப்பு அல்ல, அந்தக் காலத்து வழக்கில் குறைத்து நேசிப்பது என்றுதான் பொருள் என்பார்கள். வேதசாஸ்திர ரீதியில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இலக்கியத்துக்கு லூக்காவைத்தான் எதிர்கொண்டாக வேண்டும். தணித்துச் சொல்லப்பட்ட ஒன்றிலிருந்து கவிதை பிறப்பதில்லை.

ஆர்.கே.பேட்டையில் ஒரு தவசு காலக் கூட்டத்தில் இந்த அதிகாரத்தின் மேல் முக்கால் மணி நேரப் பிரசங்கம் கேட்டேன். ஒரு நண்பருக்காகப் போய் உட்கார்ந்தது. வெளியே விசைத்தறிகளின் சத்தம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்து வரும்போது, எனக்குப் பழக்கமான ஓர் அம்மாள் கூடவே நடந்து வந்தாள். ஒரே மகன் ஊழியத்துக்கென்று வடக்கே போய்விட்டான். அவன் ஓட்டிய தறியை இப்போது கூலிக்கு ஆள் வைத்து ஓட்டுகிறாள். "எல்லாத்தையும் விட்டுட்டுப் போனான், சரிதான் சார். என்னைப் பத்தி அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல எனக்கு யோக்கியதையும் கிடையாது. ஆனால் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம் என்று தோன்றியது. இந்தக் கட்டுரை அதிலிருந்து கிளம்பியதுதான்.

*

ஜான் பனியனிடமிருந்து தொடங்க வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பைபிளுக்கு அடுத்தபடி இருந்த புத்தகம் 'மோட்சப் பிரயாணம்'. மூல நூலின் முதல் பாகம் வெளிவந்தது 1678இல். ஆரம்பப் பக்கங்களிலேயே கதாநாயகன் வீட்டை விட்டு ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள். அவன் காதுகளை விரலால் அடைத்துக்கொண்டு, நித்திய ஜீவன் என்று கத்தியபடி ஓடுகிறான். இந்தக் காட்சியைப் பக்திப் படமாக மாட்டி வைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அந்த விரல்களைப் பார்க்க வேண்டும். குரல் கேட்காத தூரத்துக்கு வந்துவிட்டவனுக்கோ, கேட்டாலும் அசையாத ஞானிக்கோ காதைப் பொத்த வேண்டிய அவசியம் இல்லை. கேட்டால் திரும்பிவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். பற்று எவ்வளவு கனமானது என்பதை இந்த ஒரு சைகை சொல்லிவிடுகிறது. பனியன் அதற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை.

எழுதத் தேவை இல்லாத மனிதர் அவர். பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைக்கும் தொழிலாளி. அனுமதி இன்றிப் பிரசங்கித்ததற்காக 1660இலிருந்து 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையில் இருந்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வார்த்தை கொடுத்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். வீட்டில் மனைவி, குழந்தைகள், அதிலும் கண் தெரியாத ஒரு மூத்த பெண். 1666இல் வெளிவந்த தன் ஆன்மீக சுயசரிதையில் அந்தக் குருட்டுப் பெண்ணைப் பற்றி எழுதும்போது, உடம்பிலிருந்து சதையைப் பிய்த்தெடுக்கிற வலியைப் பற்றி எழுதுகிறார். கடவுளை முதலில் வைத்த மனிதர்தான். ஆனால் இரண்டாவதாக வைத்ததன் எடையைக் குறைத்துக் காட்டவில்லை. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, அந்த மனைவியையும் பிள்ளைகளையும் அதே பாதையில் நடக்க வைக்கிறார். ஆறு வருஷம் அந்தக் கூப்பிட்ட குரல் அவர் காதில் இருந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு பொது அளவுகோல் கிடைக்கிறது. துறவு, அர்ப்பணம், விட்டுவிடுதல் இவற்றைப் பற்றிய எழுத்தை, விட்ட பொருளுக்கு அது தரும் மதிப்பைக் கொண்டுதான் எடைபோட வேண்டும். முதலில் பெண்ணைப் புழுக்கூடு என்றும் பிள்ளையைக் கடன்காரன் என்றும் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு அவர்களை விட்டேன் என்று பாடுவது நம் மரபில் ஏராளம். குப்பையை வாசலில் கொட்டிவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பது இது.

நம் மரபிலேயே இதற்கு எதிர் உதாரணமும் இருக்கிறது. சேக்கிழாரின் சிறுத்தொண்டர். வைரவ வேடத்தில் வந்தவர் கேட்பது ஐந்து வயதுப் பிள்ளைக் கறி. ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும், தாய் பிடிக்கத் தகப்பன் அரிய வேண்டும், இருவரும் மனம் மகிழ்ந்து செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. துக்கத்துக்கு இடமே இல்லை என்ற இந்த நிபந்தனைதான் ஆபிரகாம் கதையிலிருந்து இதை வேறாக்குகிறது. ஆபிரகாமைச் சந்தோஷப்படும்படி யாரும் கேட்கவில்லை. அவன் மூன்று நாள் பேசாமல் நடந்தால் போதும். சேக்கிழார் நிபந்தனையை மீறவில்லை. அந்தத் தாயும் தகப்பனும் மகிழ்ச்சியோடேயே செய்கிறார்கள். ஆனால் கடைசியில், சாப்பிட உட்கார்ந்த விருந்தாளி உன் பிள்ளையைக் கூப்பிடு என்கிறபோது திருவெண்காட்டு நங்கை வாசலுக்குப் போய்ச் சீராளனைக் கூப்பிடுகிறாளே, அந்த அழைப்பில் அதுவரை அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வருவது போல ஓடிவருவது அற்புதம். அவள் கூப்பிடுவது கவிதை.

*

தமிழில் கிறிஸ்துவுக்காக விட்டவர்களின் வரிசையில் பெரிய எழுத்தாளர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளைதான். 1827இல் திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பில் பிறந்த வைணவ வேளாளர். சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர். 1858 ஏப்ரல் 18இல் சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம். பனியனின் நூல் அவரைப் பிடித்துக்கொண்டது. பல வருஷ உழைப்புக்குப் பின் 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' ஐந்து பருவங்களோடு, மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பாடல்களோடு புத்தகமாயிற்று. கிறிஸ்தவக் கம்பர் என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கொடுத்ததோடு படிப்பதும் நின்றுவிட்டது. இப்போது பள்ளிப் பாடப் புத்தகங்களில் சில விருத்தங்கள் மட்டும் மனப்பாடத்துக்காக உயிரோடு இருக்கின்றன.

இந்த நூலைப் பற்றி இரண்டு தரப்புகள் உண்டு. அது கம்பனின் நிழல், தள்ளுங்கள் என்பது ஒன்று. கம்பனுக்கு இணை என்பது மற்றது. இரண்டுமே படிக்காமல் சொல்வது. எனக்குத் தோன்றுவது வேறு. கிருஷ்ணபிள்ளை பனியனிடம் இருந்து கதையை எடுத்துக்கொண்டு, கம்பனிடமிருந்து நடையை எடுத்துக்கொண்டார். பனியனுடைய உரைநடை சந்தையில், சிறையில், பாத்திரக்கடையில் பேசுகிற மொழி. அதனால்தான் காதைப் பொத்தும் விரல் அதில் விரலாகவே இருக்கிறது. விருத்தம் அப்படி அல்ல. நாட்டு வளம், நகர் வளம், உவமை, யமகம் என்று அது தன் போக்கில் மலர்ந்துகொண்டே போகக் கூடியது. ஆத்தும விசாரி நாச தேசத்தை விட்டுப் புறப்படும் தருணத்தில் நாம் கேட்பது ஒரு புலவனின் தேர்ச்சியை. மூச்சு வாங்க ஓடுகிறவனைக் கேட்கவில்லை. ஒரு பிரிவின் ரணத்தை இவ்வளவு நல்ல ஓசையில் சொல்ல முடிவதே ஒரு பிரச்சினை.

இதில் விசித்திரம் என்னவென்றால், பிரிவின் அனுபவம் அவருக்கு இல்லாமல் இல்லை. பனியனைக் காட்டிலும் நேரடியாகவே இருந்தது. 1858இல் ஒரு வைணவ வேளாளக் குடும்பத்துப் பிள்ளை ஞானஸ்நானம் எடுப்பது என்றால் அது கோவில் மாறுவது அல்ல. பந்தி, பாத்திரம், பங்காளி, கல்யாணம், கருமாதி அத்தனையிலும் ஒரு கோடு விழும். தான் கிறிஸ்தவனான கதையை உரைநடையிலும் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் காவியம் என்ற உருவத்துக்குள் அந்த மனிதனுக்கு இடம் இல்லை. காவியத் தலைவன் தனக்கென்று ஒரு வீட்டு முற்றம் வைத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் அவர் துக்கம் எங்கே போயிற்று? இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பனியனிடம் இல்லாத விரிவில் அவர் சேர்த்த குமார பருவம். விசாரணையில் ஏளனத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்கும் கிறிஸ்துவைப் பாடும்போது கிருஷ்ணபிள்ளையின் விருத்தம் தன் அலங்காரத்தை மறந்துவிடுகிறது. சொந்த ஜனத்தால் தள்ளப்பட்டு நிற்பது என்ன என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது, காவியத்துக்கு நடுவே அவர் வைத்திருக்கும் தேவாரப் பதிகங்கள். படலத்தில் காணாமல் போன மனிதர் பதிகத்தில் நான் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். கதை சொல்ல வேண்டிய சுமை இல்லாமல், தன்னால் ஒன்றும் ஆகாது என்பதை நேராகச் சொல்கிறார். என்னைக் கேட்டால், கிருஷ்ணபிள்ளையை மீண்டும் படிக்க விரும்புகிறவர்கள் படலங்களை விட்டுவிட்டுப் பதிகங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

தன்னால் ஆகாது என்ற இந்த விஷயம் பற்றை விடுவதைக் காட்டிலும் சிக்கலானது. மனைவியை, சொத்தை, ஊரை விட்டவன் கடைசியில் ஒன்றை வைத்துக்கொள்கிறான். விட்டவன் நான் என்ற எண்ணத்தை. பனியன் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார். அவர் நூலில் அறியாமை என்று ஒரு பாத்திரம். நல்ல பையன், தன் நற்செய்கைகளில் நம்பிக்கை உள்ளவன், வழி நெடுக வந்து மோட்ச வாசலையும் தட்டிவிடுகிறான். அங்கிருந்தே அவனை நரகத்துக்குத் தூக்கிப் போடுகிறார்கள். அன்பான புத்தகத்தின் முடிவில் இப்படி ஒரு கொடூரம். தன் காலில் நடந்து வந்தேன் என்பதுதான் அவன் குற்றம்.

கிருஷ்ணபிள்ளைக்கு இதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் பியூரிட்டன்கள் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள். தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் வாயால் கவ்விப்போகும் பூனைக்குட்டியா என்ற வழக்கு அவர் பிறந்த வைணவத்தில் நூற்றாண்டுகளாக நடந்து வருவது. சரணாகதி என்ற சொல் அவருக்குப் புதியது அல்ல. அவர் கிறிஸ்துவுக்காக எதை விட்டாரோ, அதில் கற்றுக்கொண்ட முறையிலேயே கிறிஸ்துவிடம் தன்னை ஒப்புக்கொடுத்தார். இதைப் பலவீனமாக நான் சொல்லவில்லை. முழுக்க விட்டுவிட்டு வந்தேன் என்று எந்த மனிதனும் சொல்ல முடியாது என்பதற்கு இது ஒரு நல்ல சாட்சி. விட்ட வீட்டின் மொழியில்தான் விட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

ஆனால் சொல்லித் தீர வேண்டிய வேறொன்று இருக்கிறது. ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை. இந்தப் பெயரை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டும் ஞானஸ்நானம் கொடுத்தது. மூன்றாவது திருமாலுடையது, தாய் தகப்பன் வைத்தது. நான்காவது சாதி. ஆத்துமா நாச தேசத்தை விட்டுப் புறப்பட்டது. நான்காவது வார்த்தையும் கூடவே புறப்பட்டது.

தனி மனிதரைக் குற்றம் சாட்டுவது என் நோக்கம் அல்ல. இது தமிழ்க் கிறிஸ்தவத்தின் பொதுக் கதை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே, முழுக்க ஒழிக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் நூற்றுக்கணக்கானவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். கடவுளுக்காகச் சாதியை விடுவதற்குப் பதில் சாதிக்காகக் கடவுளின் வீட்டை விட்டார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், இவ்வளவு அற்புதமான கீர்த்தனைகளைத் தந்தவர், இந்த வழக்கில் சாதி ஆசாரத்தின் பக்கமே நின்றார். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோவிலில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிக் கூடம், ஒரே பீடம். கடவுளை முதலில் வைத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. பீடம் எதிரில்தானே இருந்தது. நடுவில் சுவரும் இருந்தது.

தகப்பனை வெறு, தாயை வெறு என்று லூக்கா அடுக்கிக்கொண்டு போகும்போது நம் ஊரில் அந்த வரிசை ஒரு இடத்தில் சட்டென்று நின்றுபோகிறது. பெண்டாட்டி பிள்ளையை விட்டவன் உண்டு. வேலையை விட்டவன் உண்டு. ஊரை விட்டுப்போய்க் காலராவில் செத்தவனும் உண்டு. மனிதப் பற்றுகளில் எல்லாம் கடைசிப் பற்று, பற்று என்றே பெயர் பெறாமல் சுபாவம் போல உட்கார்ந்திருந்தது இதுதான். மூவாயிரத்து எழுநூறு பாடல்களில் ஆத்தும விசாரி முதுகில் சுமந்து வரும் மூட்டை பாவம் என்று தெரிகிறது. அந்தப் பாவத்துக்கு இந்த ஊரில் என்ன பெயர் என்பது தெரியவில்லை.

*

இனி அந்த அம்மாளின் கேள்வி. விட்டுப் போனவன் எழுதுகிறான். விடப்பட்டவள்?

கீர்கேகார்ட் 1841இல் ரெஜினா ஓல்சனுடன் செய்துகொண்ட நிச்சயதார்த்தத்தை முறித்தார். இரண்டு வருஷம் கழித்து ஆபிரகாமைப் பற்றி ஒரு மகத்தான புத்தகம் எழுதினார். ஈசாக்கைக் கொடுத்தவனுக்கு ஈசாக்கு திரும்பக் கிடைப்பதே விசுவாசம் என்றார். ரெஜினாவோ 1847இல் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் தன் தரப்பைப் புத்தகமாக எழுதவில்லை. நவீன சிந்தனையின் ஒரு மூலப் பிரதியில் அவள் ஈசாக்கின் இடத்தில் வாய் பேசாமல் படுத்திருக்கிறாள்.

நம் நாட்டில் ஒருத்தி பேசியிருக்கிறாள். மராத்தியக் கவி நாராயண் வாமன் திலக், சித்பாவனப் பிராமணர், 1895இல் பம்பாயில் ஞானஸ்நானம் எடுத்தார். மனைவி லக்ஷ்மிபாயிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. ஏறக்குறைய ஐந்து வருஷம் குழந்தையோடு உறவினர் வீடுகளில் தனியே இருந்தாள். பிறகு அவரிடம் போனாள், பிறகு தானும் கிறிஸ்தவள் ஆனாள். வெகு காலம் கழித்து அவள் எழுதிய 'ஸ்மிருதி சித்ரே' 1934இலிருந்து பாகம் பாகமாக வெளிவந்தது. அதிகம் படிக்காத பெண்ணின் உரைநடை. அதில் புகார் இல்லை, பக்திப் பரவசமும் இல்லை. அவள் சிரிக்கிறாள். வீட்டில் மாவு இல்லாத நேரத்தில் கவிதைக்கு ஆவேசம் வந்துவிடும் புருஷனைப் பார்த்துச் சிரிக்கிறாள். தான் தவித்ததையும் அதே குரலில் சொல்லிவிடுகிறாள். திலக்கின் பக்திப் பாடல்கள் மகாராஷ்டிரக் கோவில்களில் பாடப்படுகின்றன. ஆனால் அவர் கடவுளுக்குக் கொடுத்த விலை என்ன என்பது அவர் பாட்டில் இல்லை. அது அவள் புத்தகத்தில் இருக்கிறது. கொடுக்கப்பட்டது அவள்தானே.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன்பே, ஒரு நாள் தன்னந்தனியே யோசித்து, இந்தச் சாதியைச் செய்தது மனிதன்தான் என்ற முடிவுக்கு வந்து, இனி யார் கையிலும் வாங்கிச் சாப்பிடுவேன் என்று தீர்மானித்துவிடுகிறாள். எந்த மிஷனரியும் உத்தரவு போடவில்லை. நம் காவியத் தலைவன் ஐந்து பருவம் நடந்தும் போய்ச் சேராத இடத்துக்கு, விட்டுவிட்டுப் போகப்பட்ட ஒருத்தி வீட்டில் உட்கார்ந்தபடியே வந்துவிட்டாள்.

சென்னையிலும் ஒரு தொடக்கம் இருந்தது. கிருபாபாய் சத்தியநாதன் 1887–88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் எழுதிய 'சகுணா' நாவலில், மதம் மாறிய தகப்பனின் பின்னால் எதுவும் புரியாமல் வந்து சேரும் தாயின் திகைப்பு வருகிறது. ஆனால் அது இங்கிலீஷில் எழுதப்பட்டது. தமிழில் இந்தக் குரலுக்கு நான் தேடிய வரையில் முன்னோடி அகப்படவில்லை.

அகப்பட்டது வேறு திசையில். பாமாவின் 'கருக்கு', 1992. கடவுளுக்காக, ஏழைப் பிள்ளைகளுக்காக என்று வேலையை விட்டு, வீட்டை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்த ஒரு தலித் பெண், மடத்துக்குள் வசதியும் சாதியும் கடவுளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். வெளியே வருகிறாள். கையில் வேலை இல்லை, பணம் இல்லை. விமர்சகர்கள் இதைத் தலித் இலக்கியத்தின் தொடக்கம் என்று சரியாகவே சொன்னார்கள். இதைத் தமிழில் எழுதப்பட்ட இரட்சணிய யாத்திரிகமாகவும் படிக்க வேண்டும் என்பேன். நாச தேசம் எது என்பதில் மட்டும் வழி மாறுகிறது. அவள் விட்டு ஓடுவது, விட்டு வந்தவர்கள் கூடிக் கட்டிய வீட்டை. தன் காலில் நிற்க அவள் முடிவு செய்வதைக் கடவுளை நம்பாத அகந்தை என்று ஒரு பிரசங்கி சொல்லக் கூடும். படித்துப் பார்த்தால் தெரியும், அந்த நிற்றலில் அகந்தைக்கு வேண்டிய தெம்பே இல்லை. காதைப் பொத்திக்கொள்ளாமல், தன் தெருவின் குரல் கேட்டுத் திரும்பியவள் அவள். அந்தப் பேச்சு மொழியில் விருத்தம் ஒளிக்க முடிந்த எதுவும் ஒளிய முடியாது.

ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது. தமிழில் விட்டுப் போனவனின் காவியம் இருக்கிறது. விட்டு வந்து, மீண்டும் விட்டவளின் உரைநடை இருக்கிறது. வாசலில் நின்று கூப்பிட்டவளின் எழுத்து இல்லை. சேக்கிழார் அவளுக்கு ஒரு அழைப்பைக் கொடுத்தார். அதற்குப் பிறகு எண்ணூறு வருஷமாக அவள் பேசவில்லை.

ஆர்.கே.பேட்டை அம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். மகன் போனது தப்பு என்று அவள் இதுவரை சொன்னதில்லை. மகனுக்குக் கடவுள் முதல். அவளுக்கும் அப்படித்தான். ஆனால் அவள் கடவுளிடம் தினம் கேட்பது மகனைப் பற்றி. இந்த இரண்டு முதல்களும் ஒன்றுதானா என்று பிரசங்கம் கேட்காது. அதைக் கேட்க வேண்டியது இலக்கியம். அதை அவளே எழுதினால் நல்லது. அவளுக்கு எழுதத் தெரியாது என்று நமக்கு யார் சொன்னது?